முதல் உலகப்போரில் இந்தியப் படைவீரர்களுக்கு வீட்டிலிருந்து சென்ற கடிதங்கள்: தணிக்கைப் பதிவுகளின்வழி ஒரு மீள்வாசிப்பு

ஆய்வுச் சுருக்கம்

முதல் உலகப்போரின்போது பிரான்சிலும் இங்கிலாந்திலும் இருந்த இந்தியப் படைவீரர்கள் எழுதிய கடிதங்கள், தணிக்கை அலுவலகத்தின் அறிக்கைகள் வாயிலாக இன்று ஆய்வாளர்களுக்குக் கிடைக்கின்றன. அவ்வீரர்களுக்கு ஊரிலிருந்து குடும்பத்தினர் எழுதிய கடிதங்களோ மிகக் குறைவாகவே எஞ்சியுள்ளன. கிடைப்பவற்றை மட்டும் கொண்டு வரலாறு எழுதும்போது, வீரரின் கடிதம் தனிமனிதச் சான்றாகக் கொள்ளப்படுகிறது. அது ஒரு குடும்ப உரையாடலின் ஒரு பாதி என்பது மறைந்துபோகிறது. வீட்டுக் கடிதங்கள் ஆறுதல் சொல்வதற்காக மட்டும் எழுதப்பட்டவை அல்ல. நிலம், கடன், திருமணம், நோய் ஆகியவற்றைப் பற்றிய முடிவுகளில் தொலைவிலிருக்கும் ஆண்மகனைப் பங்கேற்கச் செய்து குடும்பத்தை இயக்கிய கருவிகள் அவை என்பதை இக்கட்டுரை நிறுவுகிறது. வீரர்களின் மறுமொழிகளிலிருந்து வீட்டின் குரலை மீட்டெடுக்கும் வாசிப்பு முறையையும் அதன் எல்லைகளையும் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: முதல் உலகப்போர், இந்தியப் படை, அஞ்சல் தணிக்கை, குடும்பக் கடிதம், எழுத்தறிவு, பெண்கள் வரலாறு

முன்னுரை

பாசறையில் தலைவனும் இல்லத்தில் தலைவியும் பிரிந்திருக்கும் நிலை தமிழ் இலக்கிய மரபுக்குப் புதியதன்று. பத்துப்பாட்டில் முல்லைப்பாட்டும் நெடுநல்வாடையும் இந்நிலையையே களமாகக் கொண்டவை. அவற்றில் இல்லத்திற்கும் பாசறைக்கும் இடையே எழுத்துவழிச் செய்தி செல்வதில்லை. முல்லைப்பாட்டில் பெருமுது பெண்டிர் கேட்கும் விரிச்சியும் அவர்கள் கூறும் ஆற்றுவிப்புச் சொல்லுமே தலைவிக்குத் துணையாகின்றன. இருபதாம் நூற்றாண்டின் பெரும்போர்களில் இந்நிலை மாறியது. கடல் கடந்த போர்க்களத்திற்கும் சிற்றூர் வீட்டிற்கும் இடையே அஞ்சல் துறை ஒரு வழியைத் திறந்தது. எழுதப் படிக்கத் தெரியாத குடும்பங்களும் அவ்வழியைப் பயன்படுத்தின.

1914ஆம் ஆண்டு செப்டம்பர் இறுதியில் லாகூர் படைப்பிரிவின் முதல் அணிகள் பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் இறங்கின. மீரட் படைப்பிரிவு அதைத் தொடர்ந்தது. போர் முடிவதற்குள் ஏறத்தாழ 1,38,000 இந்தியர்கள் பிரான்சுக்குச் சென்றனர். இவர்களுள் போர்வீரர்களும் தொழிலாளர் அணியினரும் அடங்குவர். காலாட்படையின் பெரும்பகுதி 1915ஆம் ஆண்டின் இறுதியில் மெசபடோமியாவிற்கு மாற்றப்பட்டது. குதிரைப்படை 1918ஆம் ஆண்டின் தொடக்கம்வரை பிரான்சிலேயே இருந்தது. இவர்களுக்கு ஊரிலிருந்து சென்ற கடிதங்களும் இவர்கள் ஊருக்கு எழுதிய கடிதங்களும் ஒரே அஞ்சல் அமைப்பின் வழியாகவே சென்றன. ஒரே தணிக்கை அமைப்பின் பார்வைக்கும் உட்பட்டன. எனினும் இவ்விரு வகைக் கடிதங்களின் பிற்கால நிலை ஒன்றாக அமையவில்லை.

டேவிட் ஒமிசி 1999ஆம் ஆண்டு வெளியிட்ட தொகுப்பு, இந்திய வீரர்களின் கடிதங்களை உலக ஆய்வாளர்களிடையே பரவலாக அறிமுகப்படுத்தியது. கஜேந்திர சிங், சாந்தனு தாஸ் முதலியோரின் பிற்கால ஆய்வுகள் அக்கடிதங்களின் நம்பகத்தன்மை, உணர்ச்சி வெளிப்பாடு, பண்பாட்டுப் பின்னணி ஆகியவற்றை விரிவாக ஆராய்ந்தன. இவ்வாய்வுகளில் பேசுபவராகப் பெரும்பாலும் வீரரே முன்னிற்கிறார். வீடு கேட்பவராக அமைகிறது. இந்நிலை மூலச்சான்றின் இயல்பால் விளைந்தது. அவ்வியல்பை அறிய, தணிக்கை அமைப்பின் தோற்றத்திலிருந்து தொடங்குதல் வேண்டும்.

1. தணிக்கையின் தோற்றமும் உள்வரும் அஞ்சலும்

இந்திய வீரர்களின் கடிதங்களைத் தணிக்கை செய்யும் ஏற்பாடு 1914ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் தொடங்கியது. இந்திய ஆட்சிப் பணியைச் சேர்ந்த ஈவ்லின் பார்க்லி ஹவெல் முதல் தணிக்கையாளராகப் பொறுப்பேற்றார். எல்லைப்புற மாகாணத்தில் பணியாற்றிய அவர் பஷ்தூ மொழி அறிந்தவர். பிற்காலத்தில் குஷ்ஹால் கான் கட்டக்கின் கவிதைகளை ஓலஃப் கேரோவுடன் இணைந்து ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். அவரது அலுவலகம் பிரான்சின் பூலோன் நகரில் இயங்கியது. அதன் பணியாளர் எண்ணிக்கை எட்டுப் பேரைத் தாண்டியதில்லை. 1915 மார்ச் அளவில் பிரான்சிலிருந்த இந்திய வீரர்கள் வாரந்தோறும் 10,000 முதல் 20,000 வரையிலான கடிதங்களை எழுதினர் என்பதை இவ்வெண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்தால், தணிக்கை என்பது முழு வாசிப்பன்று, மாதிரி வாசிப்பே என்பது விளங்கும்.

இத்தணிக்கை முதலில் அஞ்சியது வீரர் எழுதுவதை அன்று. வீரரை வந்தடைவதையே என்பது கருதத்தக்கது. 1913ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேற்குக் கரையில் உருவான கதர் இயக்கத்தின் வெளியீடுகளும் ஐரோப்பாவிலிருந்த இந்தியப் புரட்சியாளர்களின் எழுத்துகளும் அஞ்சல் வழியாகப் படையினரைச் சென்றடையும் என்ற அச்சமே அதன் தொடக்கக் காரணம். 1915 பிப்ரவரியில் சிங்கப்பூரில் இந்தியக் காலாட்படையினர் கிளர்ந்தெழுந்ததும், அதே மாதம் லாகூரில் கதர் இயக்கத்தினரின் எழுச்சித் திட்டம் முறியடிக்கப்பட்டதும் இவ்வச்சத்தை வலுப்படுத்தின. ஆகவே உள்வரும் அஞ்சல், வெளிச்செல்லும் அஞ்சல் என்ற இரு பகுப்புகளும் தணிக்கையாளரின் கவனத்தில் இருந்தன.

காலப்போக்கில் தணிக்கையின் நோக்கம் விரிந்தது. வீரர்களின் மனநிலையை அறிந்து மேலிடத்திற்குத் தெரிவிப்பதே அதன் முதன்மைப் பணியாயிற்று. கடிதங்கள் தடுத்து நிறுத்தப்பட்டது குறைவு. அவற்றிலிருந்து பகுதிகள் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டு அறிக்கைகளில் சேர்க்கப்பட்டதே மிகுதி. இவ்வறிக்கைகள் இன்று பிரித்தானிய நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணங்களில் எல்/மில்/5/825 முதல் 828 வரையிலான தொகுதிகளாக உள்ளன. மனநிலை அறிதல் முதன்மை பெற்றபோது, வீரர் எழுதியவை சான்றாயின. வீரருக்கு எழுதப்பட்டவை அம்மனநிலையைக் குலைக்கக்கூடிய புறக்காரணிகளாயின. இதனால் அறிக்கைகளில் வீட்டுக் கடிதங்கள் மிகச் சிறிய இடமே பெற்றன. அவ்வாறு இடம்பெற்றவையும் அச்சம், முறையீடு, வதந்தி, விலக்கப்பட்ட பொருள் ஆகியவற்றுள் ஒன்றைத் தாங்கியிருந்ததால் தேர்ந்தெடுக்கப்பட்டவையே.

2. எஞ்சாமைக்கான காரணங்கள்

வீட்டுக் கடிதங்கள் எஞ்சாமைக்குத் தணிக்கையாளரின் தெரிவு மட்டும் காரணமன்று. வீரரின் கடிதம் ஒரு வீட்டைச் சென்றடைகிறது. அங்கே பெட்டியில் வைக்கப்படுகிறது. வீட்டின் கடிதமோ பதுங்குகுழியைச் சென்றடைகிறது. அங்கே ஈரம், சேறு, இடமாற்றம், காயம், இறப்பு ஆகியவற்றுக்கு இரையாகிறது. ஐரோப்பியப் படைவீரர்களின் கடிதப் போக்குவரத்திலும் இதே ஏற்றத்தாழ்வு காணப்படுகிறது. கணவன், மனைவி இருவரின் கடிதங்களும் எஞ்சிய பிரெஞ்சு உழவர் குடும்பம் ஒன்றைப் பற்றி மார்த்தா ஹன்னா 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் பெரிதும் கவனிக்கப்பட்டதற்கு அத்தகைய இருபக்கச் சான்று அரிதாக இருப்பதே காரணம். பால், மரி பிரோ என்ற அத்தம்பதியரின் கடிதங்களில் பயிர், கால்நடை, குழந்தையின் உடல்நலம் ஆகியவை போர்ச்செய்திகளுக்கு இணையான இடம் பெறுகின்றன.

பிரித்தானிய வீரர்களின் நிலையோடு ஒப்பிடும்போது இந்தியக் குடும்பங்கள் எதிர்கொண்ட தொலைவின் அளவு தெளிவாகும். இலண்டன் ரீஜண்ட் பூங்காவில் அமைக்கப்பட்ட அஞ்சல் நிலையம், போரின் உச்சத்தில் வாரத்திற்கு ஏறத்தாழ 1.2 கோடி கடிதங்களைக் கையாண்டது. இங்கிலாந்திலிருந்து பிரான்சின் போர்முனைக்கு ஒரு கடிதம் இரண்டு மூன்று நாள்களில் சென்றது. பஞ்சாபின் ஒரு சிற்றூரிலிருந்து புறப்படும் கடிதமோ பம்பாய், சூயஸ், மத்தியதரைக் கடல் என்ற வழியில் பல வாரங்கள் பயணம் செய்தது. ஒரு கேள்விக்கு விடை கிடைக்க இரண்டு மாதங்களேனும் காத்திருக்க வேண்டியிருந்தது. கடல்வழியும் பாதுகாப்பானதன்று. இந்தியா நோக்கிச் சென்ற 'பெர்சியா' என்னும் அஞ்சல் கப்பல் 1915 டிசம்பர் 30 அன்று கிரீட் தீவுக்கு அருகே செருமானிய நீர்மூழ்கிக் கப்பலால் மூழ்கடிக்கப்பட்டது.

இக்கால இடைவெளி கடிதங்களின் பொருளையே மாற்றியது. தாய் நோயுற்றிருக்கிறாள் என்ற செய்தியை வீரர் படிக்கும்போது அவள் நலம் பெற்றிருக்கலாம், இறந்தும் இருக்கலாம். வீரர் நலம் என்று எழுதிய கடிதம் வீட்டை அடையும்போது அவர் உயிருடன் இருப்பதற்கு உறுதியில்லை. ஆகவே ஒவ்வொரு கடிதத்தையும் அது எழுதப்பட்ட நாளின் சான்றாகவும், படிக்கப்பட்ட நாளில் ஏற்பட்ட ஐயத்தின் சான்றாகவும் கொள்ள வேண்டியுள்ளது. இந்திய வீரர்கள் ஊரிலிருந்து கடிதம் வரவில்லை என்று இடைவிடாது முறையிட்டதற்கு இதுவே பின்னணி. அம்முறையீட்டை வெறும் ஏக்கமாகக் கருதுதல் போதாது. கடிதம் வராத ஒவ்வொரு வாரத்திலும் தமது குடும்பத்தில் தம்மைக் கேளாமல் முடிவுகள் எடுக்கப்படுகின்றன என்ற அச்சமும் அதில் அடங்கியிருந்தது.

3. எழுதுநரும் வாசிப்பவரும்

1911ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எழுத்தறிவு பெற்ற ஆண்கள் ஏறத்தாழ 10.6 விழுக்காடு, பெண்கள் ஏறத்தாழ 1 விழுக்காடு. படைக்கு ஆள் எடுக்கப்பட்ட உழவர் குடிகளில் பெண் ஒருத்தி தன் கையாலேயே கடிதம் எழுதுவது மிக அரிது. மனைவியின் கடிதம் என்று பெயர் பெறுவது, அவள் சொல்ல மற்றொருவர் எழுதியது. எழுதுபவர் பள்ளி ஆசிரியராகவோ, கடைக்காரராகவோ, சமய ஆசிரியராகவோ, எழுத்தறிந்த உறவினராகவோ இருந்தார். போர்முனையிலும் இதுவே நிலை. கடிதத்தைப் பிரித்துப் படித்துக் காட்ட எழுத்தறிந்த தோழர் ஒருவர் தேவைப்பட்டார். பலர் சூழ்ந்திருந்து கேட்டனர்.

எனவே ஒரு வீட்டுக் கடிதம் வரலாற்று ஆய்வாளரை வந்தடைவதற்குள் பல கைகளைக் கடந்திருக்கிறது. பேச்சுமொழியில் சொல்லப்பட்ட செய்தியை எழுதுநர் உருது, குர்முகி, தேவநாகரி முதலிய எழுத்துகளில் மரபான கடித நடைக்கு மாற்றுகிறார். தணிக்கை அலுவலகத்தில் அதன் ஒரு பகுதி மட்டும் தெரிந்தெடுக்கப்பட்டு ஆங்கிலமாகிறது. மூலக்கடிதம் உரியவருக்கு அனுப்பப்பட்டுப் பின்னர் மறைந்துவிடுகிறது. எஞ்சுவது ஆங்கிலப் பகுதி மட்டுமே.

இம்மாற்றங்களால் கடிதத்தின் மரபுத் தொடர்கள் பெரிதும் உதிர்ந்துபோயின. தமிழில் 'இவ்விடம் யாவரும் நலம், அவ்விடம் நலமறிய ஆவல்' என்று தொடங்குவதைப் போலவே வட இந்தியக் கடிதங்களும் இங்குள்ள நலத்தைச் சொல்லி அங்குள்ள நலத்தை வேண்டும் தொடரோடு தொடங்கின. அதன் பின் உறவினர் ஒவ்வொருவரின் வாழ்த்தும் பெயரும் வரிசையாக வரும். மனநிலையை அறிய விரும்பிய அலுவலருக்கு இவை பயனற்றவை. குடும்பத்தாருக்கோ இவை இன்றியமையாதவை. பெயர் வரிசையில் இடம்பெற்றவர் உயிருடனும் உறவுடனும் இருக்கிறார். இடம்பெறாதவரைப் பற்றி வீரர் ஐயுறத் தொடங்குவார். வீட்டில் நேர்ந்த இறப்பை நேரே எழுதத் துணியாத குடும்பம் மௌனத்தின் வாயிலாக அதை உணர்த்தவும் கூடும். தணிக்கை அறிக்கையில் விடுபட்ட தொடக்கப் பகுதியே கடிதத்தின் மிகச் செறிந்த பகுதியாக இருந்திருக்க வாய்ப்புண்டு.

இடையில் நிற்கும் எழுதுநரால் கணவன் மனைவிக்கிடையிலான அந்தரங்கம் ஒரு சிக்கலாயிற்று. மாமியார் முன்னிலையிலோ ஊர் ஆசிரியரிடமோ சொல்லி எழுதவேண்டிய நிலையில், மனைவியின் துயரம் பொதுச்சொற்களுக்குள் ஒடுங்கியது. பிரான்சிலிருந்த இந்திய வீரர்கள் பலர் பெண்கல்வியை வலியுறுத்தி ஊருக்கு எழுதினர் என்பது ஆய்வாளர்கள் பலரும் சுட்டிய செய்தி. பிரெஞ்சுப் பெண்களைக் கண்டதால் ஏற்பட்ட வியப்பே இதற்குக் காரணமாகப் பொதுவாகக் கூறப்படுகிறது. அதனோடு மற்றொரு காரணத்தையும் சேர்க்கலாம். எழுதத் தெரிந்த மனைவியும் மகளும் இருந்தால் இடைநிற்பவர் இன்றிப் பேசலாம் என்பதைக் கடிதத்தை நம்பி வாழ்ந்த ஆண்டுகளே அவ்வீரர்களுக்கு உணர்த்தியிருக்கும்.

4. மறுமொழியிலிருந்து கடிதத்தை மீட்டல்

வீட்டுக் கடிதம் கிடைக்காத இடத்தில் வீரரின் மறுமொழி கிடைக்கிறது. மறுமொழியில் கேள்வியின் தடம் இருக்கும். இத்தடத்தைப் பின்பற்றும்போது வீட்டின் குரல் நான்கு பொருள்களில் தெளிவாகக் கேட்கிறது.

முதலாவது, பொருளும் நிலமும். 1914ஆம் ஆண்டில் சாதாரணச் சிப்பாயின் மாத ஊதியம் 11 ரூபாய். அதில் ஒரு பகுதியைக் குடும்பத்திற்கு ஒதுக்கும் ஏற்பாடு இருந்தது. அனுப்பிய பணம் வந்ததா, யார் கையில் சேர்ந்தது, எதற்குச் செலவாயிற்று என்ற கேள்விகள் வீரர்களின் கடிதங்களில் தொடர்ந்து வருகின்றன. நிலத்தை ஒற்றி வைப்பது, கால்நடை வாங்குவது, கடனை அடைப்பது, பங்காளிகளின் வழக்கை எதிர்கொள்வது ஆகியவை பற்றி அவர்கள் அறிவுரை கூறுகின்றனர். கேட்கப்படாமல் இத்தகைய அறிவுரை எழுவதில்லை. தகவலைத் தந்து முடிவைக் கோரியது வீடுதான். இங்கு அண்ணன், தம்பி, தந்தை ஆகியோருக்கிடையே நிலவிய பூசலும் வெளிப்படுகிறது. பணத்தைப் பெறுபவர் தந்தையா மனைவியா என்பது கூட்டுக் குடும்பத்தின் அதிகார அமைப்பையே தொடும் கேள்வியாக இருந்தது.

இரண்டாவது, நோயும் இறப்பும். 1890களின் இறுதியில் பஞ்சாபை அடைந்த கொள்ளைநோய் போர்க்காலத்திலும் நீடித்தது. 1915ஆம் ஆண்டில் அது கடுமையாக இருந்தது. போர்முனையில் இருப்பவர் ஊரைப் பற்றி அஞ்சினார். போர்முனை ஆபத்தானது, வீடு பாதுகாப்பானது என்ற பொதுவான எண்ணம் இக்குடும்பங்களுக்குப் பொருந்தவில்லை. 1915 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் தென்மேற்குப் பஞ்சாபில் வட்டிக் கடைகள் தாக்கப்பட்ட கலவரங்களும் இவ்வச்சத்திற்கு இடமளித்தன. ஆகவே நலம் விசாரித்தல் இருதிசையிலும் உண்மையான கேள்வியாகவே இருந்தது.

மூன்றாவது, திருமணமும் உறவும். ஆண்கள் இல்லாத வீட்டில் மகளின் மணத்தை யார் முடிவு செய்வது, தம்பியின் மணத்தைத் தள்ளிவைப்பதா என்பன போன்ற செய்திகளோடு, மனைவியின் நடத்தை பற்றிய வதந்திகளும் கடிதங்களில் பயணம் செய்தன. காணாமற்போன வீரரின் மனைவியின் நிலை மிகக் கடினமானது. பஞ்சாபின் உழவர் குடிகளில் கைம்பெண்ணைக் கணவனின் உடன்பிறந்தாருக்கு மணம் முடிக்கும் 'கரேவா' என்னும் வழக்கம் நிலவியது. நிலம் குடும்பத்தை விட்டு நீங்காதிருக்க அது உதவியது. இச்சூழலில் ஒருவர் இறந்தார் என்றோ உயிருடன் உள்ளார் என்றோ உறுதிப்படுத்தும் ஒரு கடிதம் ஒரு பெண்ணின் வாழ்வையும் ஒரு நிலத்தின் உரிமையையும் ஒருசேரத் தீர்மானிக்கக் கூடியதாயிற்று. அதே அணியைச் சேர்ந்த ஊர்க்காரரிடம் செய்தி கேட்டு எழுதப்பட்ட கடிதங்கள் இதனாலேயே முதன்மை பெறுகின்றன.

நான்காவது, திரும்பி வருமாறு வேண்டுதல். வீட்டாரின் வேண்டுகோள்கள் சில வேளைகளில் வழிமுறைகளையும் உடன் கொண்டு சென்றன. தோலில் பட்டால் கொப்புளமும் வீக்கமும் உண்டாக்கும் சேங்கொட்டையை ஊரிலிருந்து அனுப்புமாறு வீரர்கள் கேட்டதைத் தணிக்கை அலுவலகம் கண்டறிந்தது. நோயுற்றவராகத் தோன்றிப் போர்முனையிலிருந்து நீங்குவதே அதன் நோக்கம். வெளிப்படையாக எழுத இயலாதவற்றைக் குறிப்புமொழியில் எழுதும் வழக்கமும் இரு தரப்பிலும் புரிந்துகொள்ளப்பட்டிருந்தது. இந்திய வீரரைக் கருமிளகு என்றும் பிரித்தானிய வீரரைச் செம்மிளகு என்றும் குறித்த கடிதம் பலரும் அறிந்த எடுத்துக்காட்டு. இக்குறிப்பை எழுதியவர் வீரர். அதைப் புரிந்துகொள்ளும் திறன் வீட்டில் இருந்தது என்று அவர் நம்பினார். குறிப்புமொழி என்பது எழுதுபவரின் நுட்பத்திற்கு மட்டுமன்றிப் படிப்பவரின் நுட்பத்திற்கும் சான்றாகும்.

இந்நான்கு பொருள்களையும் ஒருசேர நோக்கும்போது வீட்டுக் கடிதத்தின் பணி தெளிவாகிறது. பிரித்தானியத் தாய்மாருக்கும் மகன்களுக்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்தை ஆராய்ந்த மைக்கேல் ரோப்பர், வீரரின் மனத்தைத் தாங்கி நின்றது வீட்டின் அன்பே என்று 2009ஆம் ஆண்டு நூலில் காட்டினார். இந்தியக் குடும்பங்களிலும் அன்பு இருந்தது. அது நிலம், பணம், உறவு பற்றிய கோரிக்கைகளின் வடிவிலேயே பெரும்பாலும் சொல்லப்பட்டது. எருது இறந்தது என்ற செய்தியும் எவ்வளவு பணம் அனுப்புவாய் என்ற கேள்வியும் வீரரைக் குடும்பத் தலைவராகவோ மகனாகவோ தொடர்ந்து இருக்கச் செய்தன.

5. இவ்வாசிப்பின் எல்லைகள்

மறுமொழியின் வழி கேள்வியை ஊகிக்கும் முறையில் மூன்று எச்சரிக்கைகள் தேவை. முதலாவது, வீரர் தமது கடிதம் தணிக்கைக்கு உட்படும் என்பதை அறிந்திருந்தார். வீட்டார் கேட்ட கேள்விக்கு அவர் விடையளிக்காமல் தவிர்த்தவை பல இருக்கும். இரண்டாவது, தணிக்கையாளரின் தெரிவு அரசியல் கவனத்தால் ஆனது. அறிக்கையில் ஒரு பொருள் மிகுதியாக இடம்பெறுவது கடிதங்களில் அது மிகுதியாக இருந்தது என்பதற்கு நேரடிச் சான்றாகாது. மூன்றாவது, மறுமொழி பெரும்பாலும் தந்தைக்கும் உடன்பிறந்தாருக்கும் எழுதப்பட்டது. மனைவிக்கான செய்தி அதனுள் ஒரு வரியாக அடங்கியிருக்கும். ஆகவே மீட்கப்படும் வீட்டின் குரலில் ஆண்குரலின் பங்கு இயல்பாகவே கூடுகிறது.

நிலப்பரப்பு சார்ந்த எல்லையும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வலுப்பெற்ற 'போர்க்குடிகள்' என்னும் கோட்பாட்டால் சென்னை மாகாணத்திலிருந்து படைக்கு ஆள் எடுப்பது குறைந்திருந்தது. பிரான்சிலிருந்து கிடைக்கும் கடிதங்களில் பஞ்சாப், எல்லைப்புற மாகாணம், கடுவால், நேபாளம் ஆகிய பகுதிகளே மேலோங்குகின்றன. இவற்றைக் கொண்டு இந்தியக் குடும்பம் முழுமைக்குமான பொதுமுடிவுகளை எட்டுதல் பொருந்தாது.

வீட்டின் குரலைக் கற்பனையால் நிரப்பும் முயற்சிக்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. தணிக்கை செய்யப்பட்ட கடிதங்களின் பகுதிகள் ருட்யார்ட் கிப்ளிங்கிற்குக் காட்டப்பட்டன. அவற்றை அடிப்படையாகக் கொண்டு அவர் புனைந்தவை 'ஆசியாவின் கண்கள்' என்னும் நூலாக 1918ஆம் ஆண்டில் வெளிவந்தன. அதன் ஒரு பகுதி, படைக்குச் சென்ற மகனின் கடிதம் எல்லைப்புற வீடு ஒன்றில் வாசிக்கப்படுவதைக் காட்சியாக்குகிறது. அரசின் தேவைக்கேற்ப அமைந்த புனைவு அது. போர் முயற்சிக்கு ஆதரவு திரட்டும் நோக்கம் அதில் வெளிப்படை. எனினும் கடிதம் ஒருவரால் ஒருவருக்கு எழுதப்படுவதன்று, ஒரு வீடு கூடியிருந்து கேட்பது என்பதை அப்புனைவாலும் மறைக்க இயலவில்லை.

6. குடும்பத்தின் முறையீடும் அரசின் ஏற்பாடும்

கடிதங்களில் எழுந்த சிக்கல்கள் போருக்குப் பின் நிறுவனங்களின் கவனத்திற்கு உரியவையாயின. 1919ஆம் ஆண்டில் இந்தியப் படைவீரர் வாரியம் அமைக்கப்பட்டது. ஊரில் இல்லாத வீரருக்கு எதிராகத் தொடுக்கப்படும் உரிமையியல், வருவாய் வழக்குகளில் பாதுகாப்பளிக்கும் சட்டங்கள் 1925ஆம் ஆண்டின் இந்தியப் படைவீரர் வழக்குச் சட்டத்தில் ஒருங்கிணைக்கப்பட்டன. ஊரில் இல்லாதவரின் நிலத்தைப் பங்காளி வழக்கிட்டுப் பெறுவான் என்ற அச்சம், தனிப்பட்ட புலம்பல் என்ற நிலையிலிருந்து சட்டப்பொருளாக உயர்ந்தது.

இரண்டாம் உலகப்போரில் இம்மாற்றம் மேலும் தெளிவாகிறது. ஏறத்தாழ 25 லட்சம் பேராக விரிந்த அப்போதைய இந்தியப் படையில் சென்னை மாகாணத்தின் பங்கு பெரிதும் உயர்ந்தது. போர்க்குடிகள் கோட்பாட்டால் ஒதுக்கப்பட்ட தமிழ்ப் பகுதிகளின் குடும்பங்களும் தொலைவிலிருந்த வீரருக்குக் கடிதம் எழுதும் நிலைக்கு வந்தன. மத்திய கிழக்கிலிருந்த இந்திய அணிகளைப் பற்றிய தணிக்கைச் சுருக்கங்களில் ஊரிலிருந்து வரும் செய்திகள் மனவலிமையைப் பாதிக்கும் முதன்மைக் காரணியாகக் கவனிக்கப்பட்டன. 1942, 1943 ஆண்டுகளின் விலையேற்றமும் உணவுத் தட்டுப்பாடும் வங்கப் பஞ்சமும் குடும்பக் கடிதங்களின் வழியாகவே போர்முனையை அடைந்தன. முதல் போரில் புறக்காரணியாக ஒதுக்கப்பட்ட வீட்டின் குரலை, இரண்டாம் போரில் அரசு தொடர்ந்து கவனிக்க வேண்டியதாயிற்று.

முடிவுரை

பிரான்சிலிருந்த இந்திய வீரர்களின் கடிதங்கள் பேரரசுக்கான பற்று, அச்சம், ஐரோப்பியப் பண்பாட்டின் மீதான வியப்பு ஆகியவற்றின் சான்றுகளாக நெடுங்காலம் வாசிக்கப்பட்டு வந்துள்ளன. அவ்வாசிப்பு பிழையன்று, எனினும் அது முழுமை பெறவில்லை. இக்கடிதங்களில் பெரும்பாலானவை வீட்டிலிருந்து வந்த கடிதங்களுக்கு எழுதப்பட்ட மறுமொழிகள். கேள்வியை நீக்கி விடையை மட்டும் படிக்கும்போது வீரர் தனித்து நிற்கும் மனிதராகத் தோன்றுகிறார். கேள்வியையும் சேர்த்துப் படிக்கும்போது அவர் மகனாக, கணவனாக, தந்தையாக, பங்காளியாக, கடனாளியாகத் தோன்றுகிறார்.

வீட்டுக் கடிதங்களின் மறைவு தற்செயலானதன்று. போர்க்களத்தின் சூழல், எழுத்தறிவின்மை, தணிக்கையின் தெரிவு, மொழிபெயர்ப்பு ஆகிய நான்கும் சேர்ந்து அதனை உருவாக்கின. இம்மறைவால் மிகுதியும் இழப்புக்குள்ளானவர்கள் பெண்கள். பிறர் கையால் எழுதி, பிறர் வாயால் படிக்கக் கேட்டு, பிறர் தெரிவால் விலக்கப்பட்ட அவர்களின் சொற்களை முழுமையாக மீட்க இயலாது. ஆயினும் வீரர்களின் கடிதங்களில் வரும் ஒவ்வொரு அறிவுரைக்கும் மறுப்புக்கும் சமாதானத்திற்கும் பின்னால், அதை எழுப்பிய ஒருவர் ஊரில் இருந்தார். எந்தக் கேள்விக்கு எந்த வரி விடையாகிறது என்ற நோக்கில் தணிக்கை அறிக்கைகளை வரிதோறும் மீண்டும் வாசிப்பது, போரின் வரலாற்றை வீட்டின் வரலாறாகவும் எழுதுவதற்கான முதற்படியாக அமையும்.